ஏழு தலைமுறை அப்டேட்

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரே பாறைக்கு அடியில், பொன்னுரங்கம் என்ற ஆமை குடியிருந்தது. வயது நூற்றுப் பன்னிரண்டு. தனிக்கட்டை. யார் வம்புக்கும் போகாது. அது அனுபவித்த ஒரே ஆடம்பரம், நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு செல்போன்.

வாங்கும்போது ஆமை ஒரே கேள்விதான் கேட்டது. இதற்கு எத்தனை காலம் அப்டேட் வரும்? அந்தப் போனைத் தயாரித்தது ஈசல்கள் நடத்தும் கம்பெனி. விற்க வந்த மைனா பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. ‘ஏழு தலைமுறைக்கு அப்டேட் உறுதி’ என்று அச்சடித்திருந்தது. தன் எள்ளுப்பேரன் காலம்வரை ஓடும் என்று ஆமைக்குப் பரம திருப்தி. தனக்குப் பிள்ளையே இல்லை என்பது அந்த நேரத்தில் அதற்கு நினைவுக்கு வரவில்லை.

இந்த வருடம் மழை பொய்த்தது. காடு முழுக்கத் தேடியும் ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. தள்ளுமுள்ளு ஆகிவிடக் கூடாதே என்று சிங்கராஜா ஓர் உத்தரவு போட்டார். தண்ணீர் குடிக்க விரும்பும் எவரும் அரசாங்கத்தின் ஆப்பில் டோக்கன் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். குளத்துக்குள் இருந்த மீன்களுக்கும் விலக்கு கிடையாது.

ஆமை ஆப்பை இறக்கப் பார்த்தது. ‘உங்கள் போன் மிகவும் பழையது. முதலில் அப்டேட் செய்யவும்’ என்று வந்தது. சரி என்று அப்டேட்டை அழுத்தியது. ‘எல்லா அப்டேட்டும் ஏற்கெனவே செய்யப்பட்டுள்ளது. நன்றி’ என்று வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தியதில் ஒரு பகல் போயிற்று.

மறுநாள் நேராகவே குளத்துக்குப் போனது. வாசலில் டோக்கனை ஸ்கேன் செய்துகொண்டிருந்தது வீரணன் என்ற காட்டெருமை. கன்றாக இருந்தபோதே ஆமையின் முதுகில் ஏறி நின்று தண்ணீர் குடித்த பழக்கம். அதனால் ஆமையைப் பார்த்ததும் வீரணனுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

“எனக்கு உங்களைத் தெரியும் ஐயா. சிஸ்டத்துக்குத் தெரியலையே” என்றது.

புதுப் போன் ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டது. ஆமை அதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் புது மாடல்கள் எல்லாம் பலகை மாதிரி அகலமாகிவிட்டன. ஓட்டுக்குள் போனை வைத்தால் தலையை இழுத்துக்கொள்ள இடம் இருக்காது. போனா தலையா என்று வந்தால் ஆமை எதை வெளியே விடும்? கம்பெனியிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து புறப்பட்டது.

கம்பெனி இருந்த புற்றுக்குப் போய்ச்சேர ஐந்து நாள் ஆயிற்று. வழியில் விடிகாலையில் புல் நுனியில் இருந்த பனியை நக்கிக்கொண்டுதான் உயிரைப் பிடித்துக்கொண்டு போனது. புற்றுக்குள் ஏசி போட்டிருந்தார்கள். வெளியே காடு தீய்ந்து கிடந்தாலும் உள்ளே எந்நேரமும் மழை விட்ட சாயங்காலம் போல ஜில்லென்று இருந்தது. மூலையில் தண்ணீர் மிஷின். அதன்மேல் ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தார்கள்.

கவுண்டரில் வளர்மதி என்ற ஈசல் இருந்தது. அன்று காலை ஆறு மணிக்குப் பிறந்து, ஏழு மணிக்குப் பயிற்சி முடித்து, எட்டு மணிக்கு வேலையில் சேர்ந்திருந்தது. ஆமை சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு அப்டேட் நின்று நான்கு வருடம் ஆகிறது, வாங்கிய எட்டாம் நாளே நின்றுவிட்டது என்று சொன்னது.

ஆமை கழுத்தை நீட்டிக் கேட்டது. “ஏழு தலைமுறைன்னு போட்டிருந்தீங்களேம்மா.”

“ஆமாங்கய்யா. தினம் ஒரு தலைமுறை, ஏழு நாள். மத்த கம்பெனியில ரெண்டு தலைமுறைதான் தர்றாங்க” என்றது வளர்மதி. அதன் குரலில் ஏமாற்று எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது.

ஆனால் ஆமையின் வறண்டு வெடித்த உதட்டைப் பார்த்ததும் அதற்கு மனம் கேட்கவில்லை. மேலதிகாரியிடம் சிறப்பு அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னது. மத்தியானத்துக்குள் அந்த மேலதிகாரி காலமாகிவிட்டதால் வளர்மதியே மேலதிகாரி ஆயிற்று. அனுமதிக் கடிதத்தைத் தானே எழுதத் தொடங்கி, பாதியில் நேரமாகிவிட்டது என்று மூடி வைத்தது. “நாளைக்குக் காலையில முதல் வேலை உங்களோடதுதான்” என்றது. பொய்யாகச் சொல்லவில்லை. நாளை என்று ஒன்று உண்டு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் கவுண்டருக்குக் கீழே இரண்டு சிறகு கிடந்தது. துடைப்பத்தோடு வந்த எறும்பு அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போயிற்று. நாற்காலியில் இருந்த புது ஈசலிடம் ஆமை வளர்மதியைப் பற்றிச் சொன்னது. அப்படி ஒருவர் இங்கே வேலை பார்த்ததாகத் தெரியவில்லையே என்றது அது. ஒரே நாள் பழக்கம்தான். ஆனாலும் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. பிறகு தன் புகாரை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது.

இப்படியே தினம் ஒரு ஈசலிடம் சொன்னது. தினமும் மாலையில் பாதி எழுதிய கடிதம் மூடப்பட்டது. ஆறாம் நாள் பிரிண்டர் மக்கர் செய்தது. எந்த ஈசலுக்கும் சரி செய்யத் தெரியவில்லை. முந்தாநாளும் இப்படித்தான் ஆயிற்று, பின்பக்க மூடியைத் தட்டுங்கள் என்று ஆமை சொன்னது. தட்டினார்கள், ஓடியது. அலுவலகமே எழுந்து நின்று ஆமையைப் பார்த்தது. முந்தாநாள் நடந்தது தெரிந்த ஒருவர் அந்தக் கம்பெனியின் சரித்திரத்திலேயே இருந்ததில்லை.

பத்து நிமிடத்தில் கூட்டம் போட்டு ஆமையை நிர்வாக இயக்குநர் ஆக்கினார்கள். கழுத்தில் ஐடி கார்டு மாட்டினார்கள். ஆமை நேரே தண்ணீர் மிஷினுக்குப் போய் நான்கு டம்ளர் குடித்தது. ஐந்தாவதை ஓட்டின்மேல் ஊற்றிக்கொண்டது.

முதல் உத்தரவாகத் தன் போனுக்கு அப்டேட் தயாரிக்கச் சொன்னது. காலையில் ஆரம்பித்த ஈசல் மாலையில் போய்ச்சேர்ந்தது. மறுநாள் வந்த ஈசல், முந்தையது எங்கே விட்டது என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. அன்றன்று செய்ததை அன்றன்று எழுதிவைக்கச் சொன்னது ஆமை. எழுதி வைத்தார்கள். அடுத்த நாள் வந்தவை முந்தைய நாள் குறிப்புகளை வாசித்து முடிப்பதற்குள் அவற்றின் ஆயுளும் முடிந்தது. பதினோரு முறை முயன்று பார்த்துவிட்டு ஆமை அந்த ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்தது. அதற்குத் தாகமும் இப்போது அவ்வளவாக இல்லை.

ஒருநாள் செண்பகவல்லி என்ற முள்ளம்பன்றி வந்தது. கையில் அதே மாடல் போன். குளத்தில் விடவில்லை, வீட்டில் இரண்டு குட்டிகள் நாக்கு வறண்டு கிடக்கின்றன என்று சொல்லும்போதே முட்கள் தளர்ந்து விழுந்தன. ஆமை எல்லாவற்றையும் கேட்டது. தன் போனையும் எடுத்துக் காட்டியது. இரண்டு திரையிலும் ஒரே செய்தி.

“உங்களுக்கும் இதே கஷ்டமா? எப்படிச் சரி பண்ணீங்க?” என்று கேட்டது செண்பகவல்லி.

“சரி பண்ணலைம்மா. இங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டேன்” என்றது ஆமை.

டிராயரைத் திறந்து விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டியது. குட்டிகளுக்கும் இரண்டு படிவம் கொடுத்தது. முன் அனுபவம் என்ற இடத்தில் ஒரு நாள் என்று போட்டால் போதும், அதுவே இங்கே அதிகம் என்று விளக்கியது. மாலைக்குள் மூன்று கழுத்திலும் ஐடி கார்டு தொங்கியது. தண்ணீர் மிஷின் காலியாகி இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது.

செய்தி பரவி, அந்தக் கோடை முடிவதற்குள் காட்டில் முக்கால்வாசிப் பேர் புற்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் போனுக்கும் அப்டேட் வரவில்லை. ஒருவரும் அதைப் பற்றிப் புகார் கொடுக்கவும் இல்லை. புகார் வராததைப் பார்த்த ஈசல்கள் புதுப் பெட்டியின் பின்பக்கத்தில் இன்னொரு வரியையும் அச்சடித்தன: ‘நூறு சதவீத வாடிக்கையாளர் திருப்தி.’

நீதி: போனுக்கு எத்தனை காலம் அப்டேட் வரும் என்று கேட்காதே, அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேள்.