சின்னப்பனை நான் லட்சாதிபதியாக்கிய கதை

ஓய்வு பெற்ற கணக்கரிடம் யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது. எண்ணுவதற்குச் சொந்தக் காசு போதாமல், அடுத்தவர் காசை எண்ணத் தொடங்கிவிடுவார்.

சின்னப்பன் எனக்குச் சங்கராபுரம் டீக்கடையில் பழக்கம். கல்வராயன் மலையடிவாரத்துக்காரர், கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி. பதினைந்து பேர் கூலியையும் ஆலை அவர் ஒருவர் பெயரில்தான் போடும். அவர் பிரித்துக் கொடுப்பார். போடும்போதே நூற்றுக்கு ஒரு ரூபாய் வருமான வரியாகப் பிடித்துவிடும்.

"உமக்கு ஏதய்யா வரி? கேட்டால் திரும்ப வரும்!" என்றேன். (குரலில் அப்படியொரு மந்திரி தோரணை.)

"போனது போவட்டும் சார்."

விட்டேனா? நானே கணினியில் உட்கார்ந்து தாக்கல் செய்தேன். ஆலை தந்த ஆறு லட்சத்தையும் அவர் வருமானமாகவே காட்டினேன். மற்றவர்கள் கூலியைக் கழித்திருக்க வேண்டும்தான். ஆனால் தள்ளுபடி போக எப்படியும் வரி பூஜ்யம், எதற்கு மெனக்கெடுவது? (நாற்பது வருட அனுபவம் பேசியது.)

ஆறாயிரம் வந்தது. "எல்லார் கூலியிலயும் புடிச்சதுதான சார்?" என்று சின்னப்பன் அதையும் பதினைந்தாகப் பிரித்துவிட்டார். தன் பங்கு நானூறில் எனக்கொரு நாட்டுக்கோழி. கோழி விலை நானூறுக்கு மேல், விசாரித்தேன்.

சில மாதம் கழித்து அவர் மனைவி அஞ்சலை வாசலில் வந்து நின்றார். மாதாமாதம் வந்த மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் நின்றுபோயிருந்தது.

"உங்க வூட்டுக்காரருக்கு ஆறு லட்சம் வருமானம்ன்றாங்க சார் ஆபீஸ்ல. எங்க வச்சிக்கினு இருக்காரு? எவளுக்குக் குடுக்குறாரு? அந்த ஆயிரத்துலதான் சக்கர மாத்திரை வாங்கிக்கினு இருந்தேன்."

எனக்கே சர்க்கரை ஏறியது. அலுவலகத்துக்கு ஓடினேன். கூலி பிரித்ததற்கு ரசீது கேட்டார்கள். சின்னப்பனைப் பிடித்தேன்.

"இன்னா சார் பேசுறீங்க? கூலிய குடுத்துட்டு கையெழுத்து கேட்டா, என்னிய நம்பலயான்னு மறுநாளே அருவாளப் போட்டுட்டுப் போயிருவானுங்க."

மனு போட்டேன், மறுமனு போட்டேன். நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. அவர் இன்றுவரை லட்சாதிபதிதான்.

ஆகவே அஞ்சலையின் ஆயிரம் இப்போது என் பென்ஷனிலிருந்து போகிறது. மாதம் பிறந்து வாசலில் அவர் தலை தெரிந்தால், என் மனைவி உள்ளேயிருந்து தெருவுக்கே கேட்கக் கத்துவாள்:

"ஆறு லட்சக்காரம்மா வந்திருக்காங்க, எடுத்துக் குடுங்க! ரசீது மட்டும் கேட்டுறாதீங்க!"