ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரோஸ்

காரைக்குடி வட்டாரத்துக் கல்யாணங்களில் பொய் சொல்லாத ஒரே சாட்சி, எங்கள் கலர் லேபில் பிரிண்ட் ஆன ஆல்பம்தான். தரகர் மாப்பிள்ளையின் உயரத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பெண் வீட்டார் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆல்பம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லும். காரணம், கலர் சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கரெக்‌ஷன் சார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். சுற்றுவட்டாரப் போட்டோகிராஃபர்கள் கொண்டுவரும் படங்களில் டியூப்லைட் பூசிய பச்சையையும் மண்டபத்து சீரியல் லைட் பூசிய மஞ்சளையும் துடைத்தெடுப்பது அவர் வேலை. மனிதர்களின் நிறத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்.

கண்டனூரில் மகன் கல்யாணத்தை முடித்த ஒரு அம்மா வந்து, "தம்பி கொஞ்சம் வெளுப்பாத் தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

"தம்பிய நேர்ல பாத்துருக்கீகளா?"

"பெத்தவ நான், பாக்காமயா?"

"அப்பப் படத்துலயும் அவரையே பாருங்க. வேற மாப்பிள்ளை வேணும்னா மண்டபத்துலயே சொல்லிருக்கணும்."

அந்த அம்மா கோபித்துக்கொண்டு வேறு லேபுக்குப் போனார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். அங்கே மாப்பிள்ளையோடு சேர்ந்து மாலையும் வெளுத்து, மணப்பெண் ஒரு சுண்ணாம்பு அடித்த தூணுக்குக் கழுத்தை நீட்டுவது போல இருந்ததாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, ஒன்றரை வருஷத்தில் மூன்று வேலைகளை விட்டுவிட்டு, நாலாவதாக ஆல்பம் டிசைன் செய்ய ஒக்கூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான். பத்து நாள் தாங்க மாட்டேன் என்று அம்மா பந்தயம் கட்டியிருந்தாள். முதல் நாளே செடிகளைப் பார்த்துவிட்டேன். அம்மா தோற்றாள்.

ஏசி அறையில், பிரிண்டிங் மிஷினுக்குப் பக்கத்து மேடையில், டியூப்லைட்டுக்குக் கீழே பத்தொன்பது தயிர் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் வெல்வெட் துணியில் வெட்டியது போல வட்டமாய் இலைகள், நடுவில் கொத்தாக ஊதாப் பூக்கள். ஆப்பிரிக்கன் வயலட். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே பத்தொன்பது பேரும் கோடை விடுமுறைக்கு மலையேறி வந்தவர்கள் மாதிரி சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள்.

டப்பாவின் அடியில் ஓட்டை. ஓட்டையில் ஒரு விளக்குத் திரி. திரியின் மறுமுனை கீழே தண்ணீர்க் கிண்ணத்தில். மேலே ஊற்றினால் இலையில் வெள்ளைத் தழும்பு விழுமாம். அதனால் செடி தனக்கு வேண்டியதைத் திரி வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீரும் குழாயில் பிடித்த சூட்டோடு வைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைக்குள்ளேயே நின்று, எங்களோடு பழகிய தண்ணீராக இருக்க வேண்டும். லென்ஸ் துடைக்கும் மெல்லிய பிரஷ் லேபில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் இலையில் தூசி தட்டத்தான். லென்ஸை நாங்கள் பனியன் துணியில் துடைத்தோம்.

டீ வரும் நேரத்தில் ஒவ்வொரு டப்பாவையும் கால் வட்டம் திருப்பி வைப்பார். இல்லாவிட்டால் வெளிச்சம் வரும் பக்கமே சாய்ந்து வளருமாம். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பழகிய வாய் அப்போதும் சும்மா இருக்காது.

"தாடைய இறக்கு. அங்குட்டு என்ன வேடிக்கை? இங்குட்டுப் பாரு. ஆங், அப்படியே இரு."

மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நான் முதல் வாரம் முழுக்கத் தாடையை இறக்கிக்கொண்டே இருந்தேன்.

"இந்த அண்ணன் கல்யாணப் பொண்ணுகளக்கூட இம்புட்டு நேரம் பாத்ததில்லத்தா" என்றார், லேபைக் கூட்டித் துடைக்கும் முத்தாயி அக்கா.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். ஜெனரேட்டர் மிஷினுக்குத் தாங்கும், ஏசிக்குத் தாங்காது. சித்திரை வெயிலில் அப்படி ஒரு நாள் வந்தது. கரெக்‌ஷன் சார் பத்தொன்பது டப்பாக்களையும் இரண்டு பெரிய தாம்பாளங்களில் அடுக்கினார். ஒன்றை என் மடியில் வைத்தார். ஆட்டோ கண்டனூருக்குப் பறந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற ஒரு பெரிய வீடு அங்கே. ஆல்பம் வேலையில் அதன் வாட்ச்மேன் அவருக்குப் பழக்கம். உள்கூடத்தில் கால் வைத்தால் பானைத் தண்ணீருக்குள் வைத்தது போல ஜிலுஜிலுவென்று இருந்தது.

தாம்பாளத்தோடு படியேறிய எங்களைப் பார்த்து வாட்ச்மேன், "பொண்ணு பாக்கவா வந்தீக?" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் இவுக தங்கிக்கிறட்டும்" என்றார் கரெக்‌ஷன் சார்.

"பத்தொம்பது பேரா? தங்கட்டும். வீட்டுக்காரவுக வந்தாலே நாலு பேருதான் வாராக."

இப்படிப்பட்டவரிடம் ஒரு திருட்டுத்தனம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஒரு திங்கட்கிழமை காணாமல் போன ஆல்பம் ஒன்றைத் தேடி அவர் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். 'ஸ்டெல்லா' என்று ஒரு ஃபோல்டர். ஸ்டெல்லா அவருடைய ஒரே மகள், அயர்லாந்தில் நர்ஸ். திறந்தால் உள்ளே வரிசையாக ஆப்பிரிக்கன் வயலட் படங்கள். அத்தனையும் ரோஸ் நிறப் பூக்கள். நிமிர்ந்து மேடையைப் பார்த்தேன். பத்தொன்பதும் ஊதா.

டீயோடு உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாத்துட்டியா தாயி."

கதை இதுதான். ஸ்டெல்லா காலேஜ் டூரில் கொடைக்கானல் போனபோது ரோஸ் பூப் பூக்கும் செடி ஒன்றை வாங்கி வந்தாள். வெளிநாடு கிளம்பும் அன்று, "அப்பா, இதப் பாத்துக்கங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மகள்மேல் இருந்த பாசத்தையெல்லாம் இவர் காலை ஒரு சொம்பு, மாலை ஒரு சொம்பு என்று செடியின் தலையில் ஊற்றினார். பதினோரு நாளில் அது கடைந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே கொடைக்கானலுக்கு பஸ் ஏறினார். பூ இல்லாத செடிதான் கிடைத்தது. ரோஸ் என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். பூத்தது ஊதா.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஸ்டெல்லா கேட்டாள், "பூத்துருச்சாப்பா?"

"ஒரே ஒரு தடவதான்னு நெனச்சு மாத்தி அனுப்புனேன் தாயி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் கேட்டா."

அடுத்த ஞாயிறு நாலு வருஷம் நீண்டுவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு சிட்டிகை வெளுப்புத் தர மறுத்தவர், வாராவாரம் பூசைக்குப் போய்விட்டு நேராக லேபுக்கு வந்து, ஒவ்வொரு இதழாக ஊதாவை ரோஸ் ஆக்கியிருக்கிறார்.

"அப்ப இந்தப் பத்தொம்பது?"

"ஒவ்வொரு இலையா ஒடிச்சு நட்டுப் பாத்தேன். ஏதாவது ஒண்ணு ரோஸாப் பூக்காதா?"

நான் அதற்குள் ஐம்பது வீடியோ பார்த்து முடித்த மேதை. "இலையில வர்ற செடி தாய்ச் செடி கலர்லதான் சார் பூக்கும்."

"பத்தொம்பது தடவ பாத்துட்டேன், தெரியுது" என்றார். பிறகு குரலை இறக்கி, "கிறிஸ்துமஸுக்கு வாரா தாயி. நேர்ல."

எனக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் சோறு வேண்டாம். அன்றே இணையத்தில் தேடி, மலையடிவாரத்து நர்சரி ஒன்றிலிருந்து ரோஸ் என்று எழுதிய சின்னச் செடி ஒன்றைக் கூரியரில் வரவழைத்தேன். அது இருபதாவது டப்பாவில் ஏறியது. ஆயுத பூஜை நெருங்கும்போது ஐந்து மொட்டுகள் தலை காட்டின. கரெக்‌ஷன் சார் அதைத் திருப்பும்போது மட்டும் தாடையை இறக்கச் சொல்லவில்லை. "உன் இஷ்டம் ஆத்தா" என்றார்.

ஆயுத பூஜை அன்று அவர் நாட்டரசன்கோட்டையில் மச்சினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். லேபைக் கழுவி, மிஷின்களுக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு எங்களுக்கு. மாவிலை கட்டிக்கொண்டிருந்த நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன், "ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வைங்கக்கா."

முத்தாயி அக்கா ஒன்று விடவில்லை. முதலில் இருபது செடிகளையும் வாளித் தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தார். பிறகு ஒவ்வொரு இலையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். மொட்டுக் காம்பைச் சுற்றி ஒரு துண்டு கதம்பம் வேறு.

"அண்ணன் இதுக்குத்தானே உசுர விடுறாக. கம்ப்யூட்டருக்கு வச்சுட்டு இத விட்டா மனசு கோணாதா?" என்றார். இலை முழுக்கப் பஞ்சு மாதிரி முடி. சந்தனம் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் சுரண்டிப் பார்த்த இரண்டு இலைகள் கையோடு வந்துவிட்டன.

மறுநாள் கரெக்‌ஷன் சார் மேடை முன்னால் வெகுநேரம் நின்றார். நான் அஞ்சாவது வேலை தேட மனசுக்குள் ஆயத்தமானேன்.

"ஒரு இலை விடலபோல?"

"விடுவனாண்ணே?" என்றார் முத்தாயி அக்கா பெருமையாக.

"எல்லாம் நட்ட நடுவுல இருக்கு. நல்ல கை." அவ்வளவுதான் சொன்னார். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் ஐந்து மொட்டுகளும் கருகி விழுந்தன. கெட்ட இலைகளையெல்லாம் வெட்டி, புதுச்செடியில் நடுக்குருத்து மூன்றை மட்டும் விட்டார். மொட்டுகள் ஏன் கருகின, ரோஸ் பூ யாருக்காக என்பதை முத்தாயி அக்கா என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த நாள் திரி, கிண்ணம், தண்ணீர் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். "கிறிஸ்துமஸுக்குள்ள பூத்துரும்ணே. கண்ணாத்தாளுக்கு நேந்துருக்கேன்." சார் ஏற்கனவே வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தார். மூன்று இலைச் செடிக்கு இரண்டு இடத்திலிருந்தும் சிபாரிசு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. இறுக்கமான பச்சை. ஊதாக்கள் பத்தொன்பதும் ஆல்பம் அட்டை வைக்கும் அறையில் துணிக்குக் கீழே ஒளிந்திருந்தன.

ஸ்டெல்லா கேக் டப்பாவோடு லேபுக்குள் வந்தாள். "என் செடி எங்கப்பா?"

சார் கையைக் காட்டினார். "இந்தா. இப்பத்தான் பூவெல்லாம் உதுந்துச்சு. அடுத்த மொட்டு விட்டுருக்கு."

அவள் குனிந்து ஓர் இலையை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். "இது இல்லையே, இது புதுசு. வாராவாரம் படம் அனுப்புவீகளே, அந்த ஊதாப் பூச் செடி எங்க?"

முத்தாயி அக்கா அட்டை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊதா?" என்றார் சார்.

"சும்மா இருங்கப்பா. என் செடிக்கு இலைப் பின்பக்கம் செவப்பா இருக்கும். நீங்க அனுப்புன படத்துல ஓரம் மடிஞ்ச இடமெல்லாம் பச்சை. பூவ மாத்துனீக, இலையையும் மொட்டு நுனி ஊதாவையும் விட்டுட்டீக. மொத ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருப்பீக."

சார் கையை நீட்டினார். "எந்தப் படம்? காட்டு." அவள் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அட, ஆமா. பின்பக்கம். நாலு வருசமா கவனிக்கல பாரேன்" என்று தலையில் தட்டிக்கொண்டார். பொய் பிடிபட்டதை விட வேலையில் விட்ட பிழைதான் அவரை வாட்டியது.

முத்தாயி அக்கா யாரும் சொல்லாமலே தாம்பாளங்களைத் தூக்கிவந்து ஸ்டெல்லா முன்னால் வைத்தார். புது இலைகளுக்கு நடுவே அங்கங்கே சந்தனத் தழும்பு பட்ட பழைய இலைகளும் இருந்தன.

"இதெல்லாம் என்னப்பா?"

"பொட்டு" என்றார் சார். "நம்ம முத்தாயி வச்சது. நட்ட நடுவுல இருக்கு பாரு."

ஸ்டெல்லா திரும்பிப் போனபின், பொங்கல் கழித்து அந்த இருபதாவது செடியின் மொட்டு விரிந்தது. நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம்.

ஊதா.

கரெக்‌ஷன் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முத்தாயி அக்கா, "அதுக்கும் வீட்டு வழக்கம் தெரிஞ்சுருக்கு" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவுக்குப் போன படத்தில் பூ ஊதாவாகவே இருந்தது. ஆனால் அதற்கும் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். கேமரா ஊதாவை நீலமாகக் காட்டுகிறதாம், அதை நேர்செய்ய வேண்டுமாம்.

இப்போது நான் கோயம்புத்தூரில், ஐந்தாவது வேலையில். கிளம்பும்போது சார் தந்த, சந்தனத் தழும்புள்ள ஓர் இலையை ஜன்னலோரம் தயிர் டப்பாவில் நட்டிருந்தேன். தினமும் திருப்பி வைத்தேன். தாடையை இறக்கச் சொன்னேன். போன வாரம் முதல் பூ வந்தது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. "நீலம் தூக்கலா இருக்கு தாயி. நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும்."

சனிக்கிழமை காரைக்குடி பஸ்ஸில் எனக்கும் டப்பாவுக்கும் சீட் போட்டிருக்கிறேன். வெயில் விழாத பக்கம்.