ஏரியில் வெயில் எப்படிங்க?

"ஏரிப் பக்கம் வெயில் எப்படிங்க இருக்கு?"

படகுத்துறைச் சீட்டுக் கூண்டில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தொலைபேசிக் குரல் தேனாக இனித்தது. ஒரு வாரமாக மீன்பிடிக்க ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. இன்றும் ஒரு படகாவது நகராவிட்டால், கூண்டைப் பூட்டிவிட்டு மழைக்காலம் வரை வீட்டிலேயே இருக்கும்படி மேலாளர் சொல்லியிருந்தார். தகரக் கூரை தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"வெயிலா? எங்க சார் வெயில்? மேகம் மூடி ஜம்முனு இருக்கு."

வாசலில் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த படகுக்காரர் அண்ணாந்து பார்த்தார். கண் கூசித் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேகமா? அப்ப மழை கொட்டுமே. இடி கிடி விழுந்தா?"

"ஐயோ, மழை மேகம் இல்ல சார். சும்மா நிழல் குடுக்க வந்த மேகம்."

"காத்து?"

"சிலுசிலுன்னு அடிக்குது."

"படகு ஆடுமே! எனக்குத் தலை சுத்துங்க."

"கரையில மட்டும்தான் சார் காத்து. நடு ஏரியில ஒரு இலை அசையாது."

"நடு ஏரியில ஏதும்மா இலை?" என்றார் படகுக்காரர்.

அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சீறினாள். "சும்மா இருங்கண்ணே! என் பொழப்பே ஊசலாடுது."

"காத்து இல்லேன்னா புழுங்குமே," என்றது குரல். "மீனெல்லாம் அடியில போய்ப் படுத்துக்குமே?"

"இங்க தண்ணி ஜில்லுனு இருக்கு சார். மீன் மேலேயே துள்ளுது."

"ஜில்லுனு இருக்குன்னா ரொம்ப ஆழமோ? எனக்கு நீச்சல் தெரியாதே."

"ஆழமா? முழங்காலுக்குத்தான் சார் தண்ணி!"

"முழங்கால் தண்ணியில படகு எப்படிம்மா போகும்?"

"அது வந்து... படகு போற இடத்துல மட்டும்..."

சொன்ன பொய்கள் ஒன்றின் காலை ஒன்று வாரிக்கொண்டிருந்தன. படகுக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். தொலைபேசியில் இருக்கும் இந்த மனிதர் வரவும் மாட்டார், விடவும் மாட்டார். போகிற வேலை போகட்டும்!

"சார், உண்மையைச் சொல்லவா? வெயில் மண்டையப் பொளக்குது. காத்து செத்துப்போச்சு. தண்ணி வெந்நீரா கெடக்கு. மீனெல்லாம் சேத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. தூண்டிலப் போட்டா புழுதான் வெந்து வரும். வராதீங்க! போதுமா?"

வசவு வரப்போகிறது என்று ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

வசவு வரவில்லை. அத்தனை நேரம் அழுது வடிந்த அதே குரல், வாயெல்லாம் பல்லாக, பக்கத்தில் யாரிடமோ சொன்னது:

"ஸ்பீக்கர்ல கேட்டீங்கல்ல மாமா? நாள் பூரா படகெடுத்து மீன் பிடிக்கலாம்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே, நானா வரமாட்டேங்கறேன்? அந்தம்மாவே வேணாங்கறாங்க!"