முடியக் கூடாத படகு

டிபன் கேரியரின் கீழடுக்கில், சோற்றுக்கு அடியில், பாலித்தீன் பையில் சுற்றி ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்திருந்தாள் ரமாபாய். நடு அடுக்கில் நெத்திலிக் குழம்பு, மேலடுக்கில் முட்டைப் பொரியல். வியாசர்பாடியிலிருந்து காசிமேடு வரை ஷேர் ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். செய்யப்போகிற காரியத்தை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருந்தது. குழம்பு புடவையில் சிந்திவிடுமோ என்ற பயம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

மூடிக் கிடக்கும் ஐஸ் கம்பெனி ஒன்றின் பின்கட்டில், கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்திய பழைய பாய்மரப் படகுக்கு அடியில் அவள் வீட்டுக்காரர் அன்பரசன் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இன்னிக்கும் கேரியர மறந்துட்டு வந்துட்ட. இன்னாயா மனுசன் நீ?"

"ஞாபகமே இல்ல ரமா," என்றார் அன்பரசன், படகுக்கு அடியிலிருந்தே.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம் ஒரு நாள்கூடக் கேரியரை மறக்காத ஆள் அவர். ரிடையர் ஆனபோது ஞாபகசக்தியையும் சேர்த்து ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று ரமாபாய் நினைத்துக்கொள்வாள். தினமும் மறப்பார், தினமும் அவள் தூக்கிக்கொண்டு வருவாள்.

"வாங்க அண்ணி," என்று படகுக்கு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான் அத்தாவுல்லா. காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். "வேல முடிஞ்சிபோச்சி. சண்டே தண்ணில எறக்கிடலாம்."

ரமாபாய் கேரியரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவளுடைய கவலையே. படகு முடியப் போகிறது.

ரிடையர் ஆன புதிதில் அன்பரசன் இருந்த இருப்பை அவளால் மறக்க முடியவில்லை. ஹாலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே சேர், அதே சுவர். டீவி போட மாட்டார், தோஸ்துகளைப் பார்க்கப் போக மாட்டார். ரமாபாய் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போதெல்லாம் அந்தச் சுவரும் அவரும் அப்படியே இருப்பார்கள். மனுசன் இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்று அவளுக்குத் தோன்றும்.

அவளுக்கு என்ன, அவள் நன்றாகத்தான் இருந்தாள். மகள் மதி நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனபிறகு, கொஞ்ச காலம் வெளியே போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் வாங்கிக் கொடுத்துவிடுவாள். புத்த விகாரைக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் நிம்மதியாக இருந்தது. அதையெல்லாம் ஒரு விஷயமாகச் சொல்ல முடியுமா?

அப்படி இருக்கும்போதுதான் அன்பரசன் ஒருநாள் திடீரென்று சேரைவிட்டு எழுந்துபோய், துறைமுகத்தின் மூலையில் வருஷக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்த இந்தப் படகை, பழைய சாமான் வியாபாரி மொஹ்சினிடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"படகா? உனுக்கா?" என்று ரமாபாய் அன்று கேட்டாள். பீச்சுக்குப் போனால் எல்லாருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள். அவ்வளவு பொறுப்பு.

"கிரேன் மேல குந்திகினு இத்தினி வருசமா பாத்தேன். ஒரே ஆசையா கீது," என்றார்.

படகு கலீஜாக இருந்தது. அடியில் விரிசல், பாயில் பூசணம், சுக்கான் இத்துப்போய் ஆடியது. ஆனால் அதைத் தொட்ட நாளிலிருந்து அன்பரசன் விசில் அடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ரமாபாய்க்கு அது போதும். அந்த விசிலுக்காக அவள் எத்தனை கேரியர் வேண்டுமானாலும் தூக்குவாள்.

முதல் சேதம் தெரியாமல் நடந்தது. அத்தாவுல்லா அப்போதுதான் பூசியிருந்த ஒட்டின்மேல் சூடான கேரியரை வைத்துவிட்டாள். அது ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது கேரியரோடு ஒட்டும் சேர்ந்து வந்துவிட்டது.

ரமாபாய் பதறிப்போனாள். அன்பரசனோ முகம் மலர நின்றார்.

"அட வுடு ரமா. இன்னொரு வாரம் ஆவும், அவ்ளோதான். நாளிக்கி இன்னா கொழம்பு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலை இழுக்கிற வரைக்கும் இவர் சந்தோஷமாக இருப்பார். முடிந்தால்? அந்தச் சேர் இன்னும் ஹாலிலேயே கிடக்கிறது.

அதன்பிறகு அவள் வேண்டுமென்றே ஆரம்பித்தாள். விகாரைக்கு மறுபடியும் போக ஆரம்பித்திருந்தாள். பஞ்சசீலம் சொல்லும்போது பொய் பேசமாட்டேன் என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். மற்றபடி, திருகாணியைக் கழற்றக் கூடாது என்று பஞ்சசீலத்தில் எங்கேயும் இல்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் படகு நல்ல படகு இல்லை. அவள் ஒன்று செய்தால் அது மூன்றாகத் திருப்பிக் கொடுத்தது.

சுக்கானில் ஒரே ஒரு நட்டைத்தான் தளர்த்தினாள். மறுநாள் வந்து பார்த்தால் சுக்கானே கழன்று தரையில் கிடந்தது.

பாயில் நாலு தையலைப் பிரித்தாள். மறுநாள் அதில் ஓர் ஆள் நுழைந்து வெளியே வருகிற அளவுக்குக் கிழிசல்.

"எலி," என்றார் அன்பரசன்.

அத்தாவுல்லா கிழிசலைத் தடவிப் பார்த்தான். "இந்த எலி கத்திரிக்கோல் வச்சிக்கினு கீது அண்ணாத்த." பிறகு அவரையும் பார்த்தான், அவளையும் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

ரமாபாய் சட்டென்று ஒரு வறுத்த மீனை அவன் தட்டில் போட்டாள். அதே நேரத்தில் இந்தப் பக்கமிருந்து அன்பரசனும் தன் மீனை எடுத்து அவன் தட்டில் போட்டார். எவ்வளவு நல்ல மனசு இவருக்கு என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள். அத்தாவுல்லா இரண்டு மீனையும் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

இப்படித்தான் மாசங்கள் ஓடின. இன்றைக்கு இவன் சண்டே என்கிறான்.

சாப்பிட்டு முடித்து இருவரும் கை கழுவப் போனதும், ரமாபாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போனாள். உள்ளே சேரும் தண்ணீரை வடிப்பதற்கு அங்கே ஒரு சின்ன அடைப்பான் உண்டு. அதைத் தளர்த்தி, பார்த்தால் தெரியாதபடி சும்மா செருகி வைத்தாள். தண்ணீரில் இறக்கினால் கொஞ்சம் ஒழுகும், மறுபடியும் மேலே ஏற்றுவார்கள், வேலை இன்னும் ஒரு மாசம் இழுக்கும்.

வீட்டுக்கு வந்தால் மதியிடமிருந்து போன்.

"ம்மா, லீவு கெடச்சிடுச்சி. அடுத்த மாசம் வரேன். அப்பா படகுல நாம மூணு பேரும் போறோம். ஏமாத்தாதீங்க, அதுக்குன்னே வரேன்."

ரமாபாய் கையிலிருந்த காலிக் கேரியரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா சைலண்டா ஆயிட்ட? இப்பல்லாம் போன எடுத்தா நிறுத்தாம பேசுவ. காசிமேடு, ஆட்டோக்காரன், மீன் வெலன்னு. கேக்கவே எவ்ளோ ஜோரா கீது தெரியுமா?"

போனை வைத்ததும் ரமாபாய் ஹாலில் கிடந்த அந்தச் சேரிலேயே உட்கார்ந்து அழுதாள். பெண் கடல் தாண்டி வருகிறாள், அவளுக்காக ஒரு படகு மிதக்க வேண்டும், தானோ அதன் அடைப்பானைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். சேரைப் பற்றிய பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் அன்பரசன் சாப்பிட்டுவிட்டு நிழலில் கண்ணயர்ந்ததும், தான் செய்த பாவத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அடைப்பானுக்குக் குழாயில் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றி, இனி யார் வந்தாலும் கழற்ற முடியாதபடி முறுக்கினாள். சுக்கான் நட்டுகளை முறுக்கினாள். பாயில் தையல் விட்ட இடங்களை வீட்டு ஊசியால் தைத்தாள். வேலை முடிந்ததும் அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படகு இறக்கும் சரிவில், அத்தாவுல்லாவின் ஆட்கள் உருளைக்கட்டை போட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாய்மர உச்சியில் பஞ்சசீலக் கொடி பறந்தது. ரமாபாய் புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"சொம்மா தண்ணில வுட்டுப் பாக்கறோம். இன்னிக்கி யாரும் ஏறக் கூடாது," என்றார் அன்பரசன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இன்னாயா பயம்? கல்லு மாரி கீது படகு. நான் சொல்றேன்."

"ரமா, வாணாம்."

"மதி வர்றப்ப நீ இப்டி நடுங்கிக்கினு நிப்பியா? நவுரு," என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் தடுப்பதற்குள் அவள் ஏறிவிட்டாள். படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. மிதந்தது.

ரமாபாய் கையைத் தட்டினாள். கரையிலிருந்தவர்களும் தட்டினார்கள். அன்பரசன் மட்டும் தட்டவில்லை. "எறங்கு ரமா, எறங்கு," என்று கத்திக்கொண்டு, முட்டியளவுத் தண்ணீரில் தடுமாறி ஓடிவந்து, அவரும் படகுக்குள் விழுந்தார்.

அவர் விழுந்த இடத்திலேயே தண்ணீர் இருந்தது. பின்பக்கத்து அடைப்பான் அசையாமல் நின்றது. படகின் முன்பக்கத்தில்தான் ஒன்றுக்கு இரண்டாக ஓட்டைகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், ஒரு மரியாதையோடு, படகு அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டபடியே தரைதட்டி உட்கார்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர். கொடி மட்டும் நனையவில்லை.

அன்பரசன் இரண்டு கையாலும் ரமாபாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னிய மன்னிச்சிடுய்யா. எல்லாம் நான்தான். சுக்கான் நான், பாயி நான். அடைப்பானயும் நான்தான் புடுங்குனேன், அப்பால நானே போட்டேன். இந்த ஓட்ட மட்டும் எங்கேந்து வந்திச்சின்னு சத்தியமா தெர்ல."

"ரமா..."

"சொல்ல வுடு. படகு முடிஞ்சிட்டா நீ திரும்பி வூட்டுக்கு வந்து, அந்தச் சேர்ல குந்திகினு, செவுத்தயே பாத்துக்கினு கெடப்பியேன்னு பயந்துதான்யா செஞ்சேன். வேற ஒண்ணும் இல்ல."

அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டு அவள் புடவைத் தலைப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

கரையில் அத்தாவுல்லா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"மீன் துன்ன வாயி, இத்தினி நாளா மூடிக்கினு இருந்தேன், இனிமே ஆவாது," என்றான். "அண்ணாத்த செவுத்தப் பாக்கல அண்ணி, நீ சாத்திக்கினு படுத்திருந்த ரூம் கதவப் பாத்துக்கினு குந்தினு இருந்தாரு, கடல்னாலே நடுங்கற மனுசன், உன்ன வூட்ட வுட்டு வெளிய வரவைக்கணும்னே இந்தப் படக வாங்கி, தெனம் வேணும்னே கேரியர மறந்துட்டு வந்து, நீ ஒரு ஓட்ட போட்டா பக்கத்துல ரெண்டு ஓட்ட போட்டுக்கினு கீறாரு."