அன்றே கிடைத்த சான்றிதழ்

2004-ஆம் ஆண்டு, செங்கல்பட்டில் பெயரைச் சொன்னால் வம்பாகிவிடக்கூடிய ஓர் அலுவலகத்தில், சான்றிதழ்ப் பிரிவு எழுத்தர் துரை மீது இருநூற்றுப் பதினோரு புகார்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் குற்றம் ஒன்றுதான்: யார் எதைக் கேட்டாலும் "நாளைக்கு வா" என்று எரிந்து விழுகிறார்.

அதிகாரிகளை மனநலம் பிடித்து ஆட்டிய வருடம் அது. மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் இரண்டு நாள் பயிற்சி முடித்து, வஞ்சிர வறுவலும் மன அமைதியுமாகத் திரும்பிய மேலதிகாரி ராஜாராம் உத்தரவு போட்டார்: "மேற்படி ஊழியர் பத்து வெள்ளிக்கிழமைகள் உளவியல் சிகிச்சைக்கு ஆஜராகிக் குணமடைய வேண்டியது. தவறினால் சதுரங்கப்பட்டினத்துக்கு மாற்றல்."

துரைக்கு அலுவலகத்தின் பின்தெருவிலேயே வீடு. மதியம் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போடலாம். அப்பேர்ப்பட்ட நாற்காலியை யார் விடுவார்கள்? கூடுவாஞ்சேரிக்கு ரயிலேறினார்.

டாக்டர் மானசா ஊசி போடவில்லை, மாத்திரை தரவில்லை. "மனசுல வர்றதைச் சொல்லுங்க" என்றார். துரையும் மூன்று வாரம் அகவிலைப்படியைப் பற்றியே சொன்னார். நான்காம் வாரம் பேச்சில் அப்பா வந்தார்.

"எங்க நைனா லாரி ஓட்டிகினு இருந்தாரு. மகாபலிபுரம் கூட்டிகினு போறேன்னு சொல்வாரு. நானும் பையத் தூக்கிகினு வாசல்ல குந்திகினு இருப்பேன். 'நாளைக்கு'ன்னுட்டுப் பூடுவாரு. கடசி வரிக்கும் போவவேயில்ல."

"நேரமாயிடுச்சு. மீதியை அடுத்த வெள்ளிக்கிழமை பேசலாம்."

துரை மேசையைக் குத்தினார். "இன்னாம்மா, நீயும் நாளைக்குன்றியா?"

"இந்தக் கோபம் என் மேலயா சார், வேற யார் மேலயாவதா?"

துரை குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவிடம் வாங்கியதை, பையும் கையுமாகக் கவுன்டரில் நிற்பவர்களுக்கெல்லாம் குறையாமல் திருப்பித் தந்துகொண்டிருந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. அதன்பின் வாராவாரம் அதையே பேசிப் பேசி, பத்தாம் வெள்ளிக்கிழமை வெளியே வந்தபோது துரை வேறு மனிதர்.

திங்கட்கிழமை ஆராயி என்ற அம்மாள், மகளின் உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு வந்தாள். துரை தாள்களைச் சரிபார்த்தார். ராஜாராம் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார். அரை மணியில் சான்றிதழ் தயார்.

"இன்னா சார், இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதாம்மா. எடுத்துகினு போ."

ஆராயி முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "அலைய வுடாம குடுத்தா எப்டி சார் செல்லும்?"

பள்ளிக்கூடத்திலும் செல்லவில்லை. மனு தேதியும் சான்றிதழ் தேதியும் ஒன்றாக இருக்கிறதே, இது போலிதான் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரம் துரையிடம் சான்றிதழ் பெற்ற நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து, போலி கொடுத்துவிட்டார் என்று அவர்மேல் மனு கொடுத்தார்கள்.

துரை, தான் குணமடைந்ததாக டாக்டர் கொடுத்த கடிதத்தை ராஜாராமிடம் நீட்டினார்.

"குணமானது சரிய்யா" என்றார் ராஜாராம். "உன்னை மட்டும் குணமாக்கிட்டா, இந்த ஆபீஸ்ல மத்த பதினேழு பேரை ஜனங்க என்ன நினைப்பாங்க?"

மனு வந்தது காலை பதினொரு மணிக்கு. சதுரங்கப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்தாகி, முத்திரையோடு இரண்டு மணிக்கு வெளியே வந்தது. நாற்பத்து மூன்று பேரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கேட்ட அன்றே கிடைத்ததாயிற்றே என்று ஒருவர்கூட முத்திரையைச் சுரண்டவில்லை.