ஆடு வட்டத்துக்குள் விழும் நேரத்தில் அணைகிற பெட்டி

மரியாதைக்குரிய மச்சான் ஒஸ்கோன் அவர்களுக்கு, உம்ம தங்கையைக் கட்டிய ஜுமாலி சொல்ல, மருமகள் புருல் எழுதுவது. நாங்களும் மாடுகளும் நலம். உமது முழங்காலும் குதிரையும் நலமா? முதலில் குதிரையைப் பற்றி எழுதவும்.

அணைத் தண்ணீர் ஏறிப் பழைய சந்தை முழுகி, கூட்டுப்பண்ணைத் தலைவரின் ஜீப் பனிக்கட்டி உடைந்து ஆற்றுக்குள் போய், என் தொப்பியை வெட்டுக்கிளி தின்ற அந்த வருஷம் உமக்கு மறந்திருக்காது. அந்த மே தின விழாவில்தான் இருபது பேர் குதிரையேறி, தலையில்லாத ஆட்டைப் பிடுங்கி வட்டத்துக்குள் போட மல்லுக்கட்டினோம். கடைசியில் புழுதிக்குள் இரண்டு குதிரை, ஒரு ஆடு. வட்டத்துக்குள் ஆட்டைப் போட்டது நான். நீர், நீர்தான் என்கிறீர். ஐம்பது வருஷமாகக் கல்யாணத்திலும் சாவிலும் இதே பேச்சு. உம்ம தங்கையை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும் வழியிலேயே, "பிடிச்சது உன் கை, போட்டது என் கை"ன்னு ஆரம்பித்தவர் நீர்.

இப்போது அந்த ஆட்டத்தைப் படம் பிடித்த சுருள் அகப்பட்டு, வட்டார டிவியில் புதன்தோறும் மத்தியானம் போடுகிறார்கள். உம்ம ஊரில் அந்தச் சேனல் வராது, அது உம்ம அதிர்ஷ்டம். முதல் புதன் ஊரே எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தது. புழுதி எழும்பியது, என் சாம்பல் குதிரை தெரிந்தது, உம்ம ஓட்டை பூட்ஸ் தெரிந்தது, ஆடு வட்டத்தின் விளிம்புக்கு வந்தது, டிஷ் பெட்டி பொட்டென்று அணைந்து, தானாகவே எழுந்து, எல்லோருக்கும் நல்வரவு சொல்லி, ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண ஆரம்பித்தது. எண்ணி முடிப்பதற்குள் திரையில் ஒருவர் உருளைக்கிழங்கு நடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியை நாங்கள் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குளிரக்கூடாதென்று புருல் அதற்குப் போர்வையே சுற்றி வைத்திருக்கிறாள்.

டவுனிலிருந்து ரிப்பேர்காரன் பாகாஸ் வந்தான்.

"தாத்தா, எத்தன நாளா இப்படி?"

"அம்பது வருஷமா."

"நான் பெட்டியக் கேக்கறேன்."

"நானும் அதத்தான் சொல்றேன். உண்மை வெளிய வர்ற நேரம் பாத்து அணைஞ்சிடுது."

வயரை மாற்றினான், முற்றத்து டிஷ் தட்டை மலைப்பக்கம் திருப்பினான், ஆட்டுத் தோள்கறியைத் தின்றான், கோளாறு பெட்டியில் இல்லை, சூரியனுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போய்விட்டான். இரண்டாம் புதன் அதே ஆடு, அதே விளிம்பு, அதே நல்வரவு. மூன்றாம் புதன் முல்லா ஓதி, திருஷ்டி கழிய ஜூனிப்பர் தழையில் புகை போட்டார். பெட்டி அணைந்ததா இல்லையா என்று புகையில் யாருக்கும் தெரியவில்லை. மாடு தட்டை உரசுகிறதோ என்று நாலாம் புதன் ஒருவனைக் குதிரையில் காவல் வைத்தேன். மாடு வரவில்லை, அவன் குதிரைதான் தட்டில் முதுகைச் சொறிந்துகொண்டது.

ஆகவே, மச்சான், சந்தேகம் உம்ம மேலேதான். உம்ம கண் பட்டால் கறக்கிற மாடே வற்றும். ஆகாயத்தில் சுற்றுகிற சாட்டிலைட் எம்மாத்திரம். ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணி, ஆட்டைப் போட்டது ஜுமாலிதான் என்று எழுதி அனுப்பிவிடும். பெட்டி பிழைத்துப் போகட்டும்.

உமது குதிரைகள் இரட்டைக் குட்டி போடட்டும். உமது அடுப்பில் புகை ஓயாதிருக்கட்டும். முழங்காலுக்கும் என் சலாம்.

பின்குறிப்பு: இந்த இடத்தில் புருலின் பேனா நின்றுவிட்டது. கேட்டால் சொல்கிறாள், "மாமா, கோவிச்சுக்காதீங்க. பெட்டி மேலதான் தயிர்ச் சட்டிய வச்சு, ரெண்டுக்கும் சேத்துப் போர்வையச் சுத்துவேன். அந்தச் சூட்டுல நல்லாத் தோயும்." சட்டியையும் போர்வையையும் எடுத்துப் பார்த்தோம். மறுநாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெட்டி ஒருதரம்கூட அணையவில்லை. நாளைப் புதனோடு படம் முடிகிறதாம், இனிமேல் போடமாட்டார்கள். சட்டியைத் திரும்பப் பெட்டிமேல் வை, போர்வையை இரட்டையாகச் சுற்று என்று சொல்லிவிட்டேன். "ஏன் மாமா? யாருன்னு தெரிஞ்சிடுமே"ன்னாள். தெரிந்துவிட்டால் அப்புறம் யாரோடு சண்டை போடுவது? அன்றைக்குக் குதிரையேறின இருபது பேரையும் எண்ணிப் பார்த்தேன். செகித்பெக் போய்விட்டான், நொண்டி தைலாக் போய்விட்டான், அண்ணன் தம்பி மூவரும் ஒரே குளிர்காலத்தில் போனார்கள். என்னை விட்டால் மிச்சம் உயிரோடு இருப்பது நீர் ஒருத்தர்தான், மச்சான்.