ஆறாம் நிலைக்கு உயர்ந்த பெட்டி

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஏழு மேசைகளும், அவற்றுக்குத் தலைமையாக ஒரு பெரிய கணினிப் பெட்டியும் இருந்தன. ஊரில் பிறந்தவர், இறந்தவர் அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள். தினமும் காலை ஒன்பதரைக்கு அது மூன்றாம் நிலையில் தொடங்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். ஏழு மேசைக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக ஒப்புதல் தட்டினால் மூன்றாம் நாள் சான்றிதழ் அச்சாகும். பதினோரு வருடமாக யாரும் பெட்டியைக் குறை சொன்னதில்லை.

பெட்டியைக் கவனித்துக்கொள்பவரை எல்லோரும் 'மெஷின் தம்பி' என்பார்கள். தம்பிக்கு வயது நாற்பத்தெட்டு.

புதிதாக வந்த பதிவாளர் முதல் வாரமே தம்பியை அழைத்தார்.

"இந்த ஷெல் ஷெல்லுங்கறாங்களே, அது என்ன?"

"நாம தட்டுறதை வாங்கிப் பெட்டிகிட்ட சொல்லி வேலையை முடிக்கிற புரோகிராம் சார். எல்லாருக்கும் ஒண்ணு வச்சிருக்கோம்."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி சார்."

பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "தபால் ஒட்டுறவருக்கும் எனக்கும் ஒரே ஷெல்லா? வேற என்னென்ன ஷெல் இருக்கு? பட்டியலைக் காட்டுங்க."

காட்டினார். பதிவாளர் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது யாருக்கு இருக்கு?"

"மனுஷங்க யாருக்கும் இல்ல சார். அது ஆளை உள்ளே விடாத ஷெல்."

"யாருக்கும் இல்லாததுதான் எனக்கு வேணும்."

மாற்றிக் கொடுத்தார். பதிவாளர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். 'இவர் தற்போது இல்லை' என்று திரையில் ஒரு வரி வந்தது. உடனே பெட்டி அவரை வெளியே விட்டது. பதிவாளர் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே. நம்ம கவுன்ட்டர்ல சொல்றதையே சொல்லுது."

அடுத்த மாதம் அவர் தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போனார். வாடிய முகத்தோடு திரும்பினார்.

"நம்ம பெட்டி எத்தனையில தொடங்குது?"

"மூணுல சார்."

"பக்கத்து அலுவலகத்துல அஞ்சாம். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"சார், அது மார்க் இல்ல. மூணுன்னா வெறும் எழுத்து, அஞ்சுன்னா படத்தோட வரும். வேலை ஒண்ணுதான்."

"ஆறு இருக்கா?"

"இருக்கு. ஆனா ஆறுன்னா..."

"இருக்குன்னா நமக்கு ஏன் இன்னும் வரல?"

"ஆறுன்னா நின்னுட்டு மறுபடி தொடங்கும் சார். தொடங்கினதும் ஆறுங்கறதைப் பாத்து மறுபடி நிக்கும். மறுபடி தொடங்கும்."

"ஓய்வே எடுக்காதா?"

"எடுக்காது சார்."

"இந்த அலுவலகத்துல ஒருத்தராவது அப்படி இருக்கட்டும்."

எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் தொடக்கக் கோப்பைத் தம்பி திறந்து காட்டினார். தொடங்கியதும் அணைந்துவிடும் பூஜ்யத்தையும் ஆறையும் இங்கே வைக்காதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே மேலே எழுதி வைத்திருந்தார்கள்.

"இதுக்குக் கீழே யார் கையெழுத்து?"

"கையெழுத்து இல்ல சார்."

"அப்ப செல்லாது."

தம்பி கடைசி முயற்சியாக, எழுத்துமூலம் உத்தரவு வேண்டும் என்றார். இப்படி ஒன்றை எந்த மனிதரும் எழுதித் தரமாட்டார் என்று நம்பினார். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. 'மேற்படி பெட்டியின் நீண்டகாலப் பணியைக் கருத்தில் கொண்டு, அது மூன்றாம் நிலையிலிருந்து ஆறாம் நிலைக்கு இதன்மூலம் உயர்த்தப்படுகிறது. இடைப்பட்ட நிலைகளிலிருந்து சிறப்பு விலக்கு அளிக்கப்படுகிறது.'

தம்பி மூன்றை அழித்து ஆறைத் தட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து பெட்டி ஒரு 'பீப்' போட்டுத் தொடங்கியது, நின்றது, 'பீப்' போட்டுத் தொடங்கியது. கவுன்ட்டர் முன்னால் வரிசை தெருவைத் தொட்டது. அதில் தம்பியின் அக்காவும் நின்றாள். தையல் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

"பெட்டி தொடங்கிட்டு இருக்கும்மா," என்றார் கவுன்ட்டர்காரர்.

"எப்ப முடியும்?"

"முடியாதும்மா. தொடங்கிட்டேதான் இருக்கும்."

அக்கா நேரே தம்பியின் அறைக்குள் வந்தாள். "ஏன்டா, நீ உள்ளே உக்காந்திருந்து எனக்கு என்னடா பிரயோஜனம்? பிள்ளை ஒரு வருஷம் வீட்டுல இருக்கணுமா?"

தம்பி உத்தரவைக் காட்டினார். அவள் அதைத் தொடக்கூட இல்லை. கண் கலங்கியிருந்தது. தம்பிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து போய்ப் பின்னறை பீரோவைத் திறந்து, பெட்டியில் ஏற்றியபின் அடுக்கி வைக்கும் கையெழுத்துப் பதிவேடுகளைத் தூசு தட்டி வெளியே எடுத்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். பெட்டிக்குத்தான் ஏழு ஒப்புதல் தேவை. பதிவேட்டுக்கு எத்தனை என்று எந்த விதியிலும் இல்லை. பக்கத்தைப் புரட்டி, கையால் எழுதி, முத்திரை குத்தினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். மத்தியானத்துக்குள் வரிசையே இல்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. இரண்டாம் நாளே பதிவாளர் அறிக்கை அனுப்பினார்: 'பெட்டியை ஆறாம் நிலைக்கு உயர்த்தியதன் விளைவாக, மூன்று நாள் காத்திருப்பு ஐந்து நிமிடமாகக் குறைந்துள்ளது.' அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் என்று நிரூபிக்க முடியாது. தலைமை அலுவலகத்திலிருந்து குழு வந்து பெட்டியைச் சுற்றி நின்று பார்த்தது. பீப் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டது. எல்லா அலுவலகங்களும் ஆறுக்கு உயர வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. பத்திரிகையில் பெட்டியின் படம் வந்தது. வங்கிகள் விசாரித்தன. மருத்துவமனை ஒன்று, தனக்கு ஏழு கிடைக்குமா என்று கேட்டு எழுதியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி வீடு திரும்பும் வழியில் ஒரு பள்ளி வாசலில் அக்காவைப் பார்த்தார். கையில் சான்றிதழ் இருந்தது. பேத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இன்னும் சேக்கலையா?"

"உள்ளே பெட்டி தொடங்கிட்டு இருக்காம். திங்கக்கிழமை வரச் சொல்றாங்க."

"அடுத்த தெருப் பள்ளியில இடம் இருக்குன்னாங்களே. அங்க போயிருக்கலாமே?"

"போனேன். இப்பவே சேத்துக்கறோம்னாங்க. ஆனா அங்க இன்னும் மூணுதானாம்டா," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "இங்க ஆறு."

"ஆறுன்னா என்னன்னு தெரியுமாக்கா உனக்கு?"

"எனக்கு என்ன தெரியும். மூணை விட ரெண்டு மடங்கு."

அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள்.

தம்பி வாயைத் திறந்தார். ஆறு என்றால் என்ன என்று அந்த நாற்பது பேருக்கும் விளக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அன்று காலைதான் அவரை 'ஆறாம் நிலைச் சிறப்பு நிபுணர்' ஆக உயர்த்தி உத்தரவு வந்திருந்தது. அது சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது.

"நல்ல பள்ளிக்கூடம்தான்க்கா," என்றார்.